நான்காவது போத்து

குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய நொமசோந்தோ அத்தை வீட்டுக்குள்கூட நுழையவில்லை. டாக்சி வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நேரே மாட்டுப்பட்டிக்குள் போனாள். பட்டியின் மேல்கோடியில்தான் அவளுடைய அண்ணன் ஜோசயா மியேனியைப் புதைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் உம்சின்சி மரக் கிளையைப் போத்தாக நட்டிருந்தார்கள். அதைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினாள். டொக் என்றது. இன்னொரு தட்டு. மறுபடியும் டொக்.

வேலிக்கு வெளியே, புளித்த சோளக்கஞ்சிக் குவளையோடு நின்றிருந்த ஜோசயாவின் மருமகள் தொபெகிலேவுக்கு அந்தத் தட்டுகள் தன் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க அவளால் முடியாது. வாழவந்த மருமகள் மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், காலேஜில் படிக்கிற மகள், தலையில் நரை என்று எல்லாம் வந்தாயிற்று. அந்த வேலிக்கு அவள் இன்னும் புதுப்பெண்தான்.

"பாத்தியா மாகுமேதே," என்றாள் அத்தை. குமேதே வீட்டிலிருந்து வந்தவள் என்பதால் அந்தப் பெயர். "ரெண்டு குளிர்காலம் முடிஞ்சாச்சு. ஒரு துளிர் உண்டா? மேல மலையில, இத வெட்டியெடுத்த தாத்தா மரம் மொட்டு விட்டாச்சு. இது விளக்குமாத்துக் கட்டை மாதிரி நிக்குது."

"மழையே இல்லையே அத்தை."

"உம்சின்சிக்கு எதுக்குடி மழை? பாறை மேல வளர்ற மரம். மழைய நம்பியிருந்தா இந்த மலையில ஒரு மரம்கூட மிஞ்சியிருக்காது." அத்தை வேலியோரம் வந்து குவளையை வாங்கிக்கொண்டாள். "என் அண்ணன் கோவமா இருக்கான். யார் மேலன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கெதுக்கு வம்பு."

சொல்லமாட்டேன் என்றவள் கஞ்சி தீரும்வரை தொபெகிலேவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயால் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, இறந்தவரை மறுபடி வீட்டுக்கு அழைக்கும் சடங்கு. காளை பார்த்தாயிற்று, உறவுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அதற்குள் போத்து தழைக்காவிட்டால் குறிகாரியைக் கூப்பிட்டு, பெரியவர் ஏன் திரும்பி வர மறுக்கிறார் என்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். குறிகாரி யார் பெயரைச் சொல்வாள் என்பதற்குக் குறியே தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்பது உபோம்போ மலை முழுக்கத் தெரியும்.

ஜோசயா மியேனி அந்த வட்டாரத்துக்கு இருபது வருஷம் தலைவராக இருந்தவர். வழக்கு என்று யார் வந்தாலும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கத்திக் களைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். பாதி வழக்குகள் அப்படியே தீர்ந்துபோகும். தனக்காக யாரும் அலட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர் ஒரு ஜூலை மாதம் மூச்சு வாங்கிப் படுத்தார். மகன் வுசுமுசி, தொபெகிலேவின் கணவன், மூன்று மணிநேரத் தொலைவில் மர மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் போய்ப் பல வருஷம். தொபெகிலே ஒருத்திதான் வீட்டில். நொமசோந்தோ அத்தை போனில், "அவன் பொறந்த மண்ணுலயே கண்ண மூடட்டும், தூக்கிட்டு அலையாதே," என்றாள். தொபெகிலே கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிக்கப் வண்டியைப் பிடித்து, மாமனாரைக் கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாபா, வலிக்குதா?" என்று அவள் கேட்டபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் விடிகாலையில், பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒருவர் இருமிக்கொண்டிருக்க, போய்ச் சேர்ந்தார்.

அந்தத் திரும்பிய முகம்தான் இரண்டு வருஷமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. குறிகாரியும் வேண்டாம், அத்தையும் வேண்டாம். கோபத்தோடுதான் போனாரா என்று அவளே தன்னைத் தினம் நூறு தடவை கேட்டுக்கொண்டாள்.

உம்சின்சி நம் ஊர்க் கல்யாண முருங்கைக்குப் பங்காளி வீட்டுப் பெண். அதே முள், அதே சிவப்பு. குளிர்காலத்தில் ஓர் இலை இல்லாமல் மொட்டையாக நின்று, வெயில் ஏறத் தொடங்கியதும் இலைக்கு முன்னால் பூவைத் தள்ளும். அதன் கிளையை வெட்டி எங்கே ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஆடு கடித்தாலும் நெருப்பு பட்டாலும் வருஷக்கணக்கில் வானம் பொய்த்தாலும் சாகாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. செல்லம் ஆகாது.

மியேனி வீட்டுக்காரர்களோ செல்லம் கொடுப்பதில் பெரிய கில்லாடிகள். அது மழை பொய்த்த மூன்றாவது வருஷம். தண்ணீர் லாரி பத்து நாளைக்கு ஒரு முறை வந்தால் அதிர்ஷ்டம். ஒரு வாளியில் முகம் கழுவி, அதே தண்ணீரில் துணி அலசி, அதையே கோழிக்கு வைத்த காலம். அப்போதும் போத்து மட்டும் தாகம் அறியாமல் நின்றது. வுசுமுசி சனிக்கிழமை வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு கேன் தண்ணீரை அப்பாவின் தலைமாட்டில் ஊற்றுவான், கிளம்புமுன் இன்னொரு கேன். அத்தை மாதாமாதம் சோள பீர் காய்ச்சி எடுத்துவந்து, அண்ணனுக்குப் பிடிக்குமே என்று ஒரு பானையைக் கவிழ்ப்பாள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் சின்ன மகன் லுங்கா பிராந்தி பாட்டில் திறப்பான். தொபெகிலே உள்ளே போகக் கூடாதே தவிர, அவள் கை போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் வேலிக்கு மேலால் எட்டி வீசுவாள். உயிரோடு இருந்தபோது ஒரு குவளை தண்ணீர் வாய்விட்டுக் கேட்காத மனிதரை, செத்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை வேன் ஏறிப் போன பிறகு தொபெகிலே வேலியின் இடுக்கு வழியாகப் போத்தை வெகுநேரம் பார்த்தாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் அது பருத்தது மாதிரி தோன்றி, வேர் பிடித்துவிட்டது என்று சமையலறைக்குள் தனியாகச் சிரித்தது ஞாபகம் வந்தது. இப்போது பட்டை சுருங்கி, ஒரு பக்கம் கருத்திருந்தது. குமேதே வீட்டைச் சுற்றி வேலியே உம்சின்சிப் போத்துகள்தான். தழைக்கிற கட்டைக்கும் தழைக்காத கட்டைக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். வெட்டிய காயம் காய வேண்டும். நிழலில் பத்து நாள் சாத்தி வைத்து, வெட்டுவாய் தோல் கட்டின பிறகுதான் நட வேண்டும். சாவு வீட்டில் ஆண்கள் காலையில் வெட்டி மத்தியானம் நட்டார்கள். அவள் கொல்லையில் மூன்று பானைக் களிக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். மருமகளிடம் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்காமல் போய்ச் சொல்ல அவளுக்கு என்ன துணிச்சல்?

அடுத்த நாளே அரிவாளை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போகிற மாதிரி மலையேறினாள். தாத்தா மரம் உடம்பெல்லாம் முள்ளும் நுனியெல்லாம் மொட்டுமாக நின்றது. அதில் பழைய வெட்டு இரண்டு இருந்தது. ஒன்று அரிவாளால் சாய்வாக வெட்டியது, சாவு அன்றைக்கு வெட்டினது. இன்னொன்று ரொட்டி அறுத்தது மாதிரி தட்டையாக இருந்தது. யாரோ வேலிக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, தன் தொடைப் பருமனில் ஒரு கிளையை வெட்டி இறக்கினாள். பத்து நாள் அதைப் பாய்ச்சுருளுக்குள் மறைத்துச் சமையலறை மூலையில் நிறுத்தி வைத்தாள். ஒவ்வொரு நாளும் விரலால் வெட்டுவாயைத் தொட்டுப் பார்ப்பாள்.

இது ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேறு கட்டையை நட்டு அது தழைத்தால், மாமனார் மன்னித்ததாக ஊர் நம்பும். அவள் எப்படி நம்புவாள்? இருந்தாலும் குறிகாரி முன்னால் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை. முதலில் ஊர் வாய் அடங்கட்டும், மனதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாடுகளுக்கு மருந்துக்குளியல். உண்ணி சாக, வட்டாரத்து மாடுகளையெல்லாம் மலையடிவாரத்து மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு ஆண்கள் போக, பொரித்த மாவுருண்டை விற்கவும் வம்பு பேசவும் பெண்கள் பின்னாலேயே போவார்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் மலைமேல் நாய்கள்தான் மிச்சம். தொபெகிலே தலைத்துணியை இறுக்கிக் கட்டி, தோளில் சால்வை போர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, போத்தும் மண்வெட்டியுமாகப் பட்டி வாசலில் நின்றாள்.

"பாபா, மன்னிச்சிடுங்க. வேற வழி தெரியல," என்று குனிந்து சொல்லிவிட்டுக் கால் வைத்தாள். சாணம் காலுக்கடியில் மெத்தென்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பயந்த இடம் இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பழைய போத்தைப் பிடித்து அசைத்தாள். சொத்தைப் பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கூழாக அழுகி, புளித்த பீர் வாடை குப்பென்று அடித்தது. அதைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் புதுக் குழி தோண்டினாள். ஒரு முழம் போவதற்குள் மண்வெட்டி எதிலோ இடறியது. கிளறிப் பார்த்தாள். அதுவும் அழுகிய அடிக்கட்டை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அதன் கழுத்தில் பாதி மக்கிப்போன பச்சைக் கயிறு.

கயிற்றைக் கையில் எடுத்து அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டி வாசலில் யாரோ மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். நொமசோந்தோ அத்தை நின்றிருந்தாள். தோளில் கம்பளி சுற்றிய ஏதோ ஒன்று, குழந்தையைச் சாய்த்த மாதிரி. கம்பளிக்கு வெளியே முள் நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி வரக்கூடாத இடத்தில் நின்றாள். மற்றவள் வரலாம்தான், ஆனால் கையில் இருக்கக்கூடாதது இருந்தது. யார் முதலில் திட்டுவது என்று இருவருக்கும் விளங்கவில்லை.

"நீ மாடு குளிப்பாட்டப் போகலையா?" என்றாள் அத்தை கடைசியில்.

"போகல. நீங்க ஞாயித்துக்கிழமைதானே வருவீங்க?"

"வரக்கூடாதா? என் பொறந்த வீடு."

"அது என்ன அத்தை கம்பளிக்குள்ள?"

"வேன் டிரைவரும் அதேதான் கேட்டான். என் ரெண்டாவது புருஷன், தூங்கறான், எழுப்பாதேன்னு சொன்னேன்." அத்தை கம்பளியைப் பிரித்துப் போத்தைக் கீழே வைத்தாள். பிறகு தொபெகிலேவின் கையில் இருந்த பச்சைக் கயிறு கண்ணில் பட்டதும் அவளுடைய தோள் தானாகத் தொங்கிவிட்டது. அவள் சர்ச்சில் இடுப்பில் கட்டும் கயிறு அது. "தோண்டிட்டியா."

"இது உங்களுதா?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். புதைச்சு மூணு மாசத்துல கட்டை அழுகிடுச்சு. இதே மருந்துக்குளியல் அன்னிக்குத்தான் வந்து, அழுகினத ஒடிச்சுப் போட்டுட்டு, பக்கத்துல என் கொல்லை மரத்துலேர்ந்து கொண்டுவந்தத, பிடிக்கணுமேன்னு இந்தக் கயித்தையும் கட்டி நட்டேன். நான் கல்யாணமாகிப் போறப்ப தாத்தா மரத்துலேர்ந்து கொண்டுபோனதுதான் அது. வேற ஜாதி இல்ல."

"அப்ப இப்ப நான் புடுங்கினது?"

அத்தை கீழே கிடந்த கட்டையைக் காலால் புரட்டி, குனிந்து அதன் மேல்நுனியைத் தடவினாள். "இது நான் வச்சது இல்லையே. நான் அரிவாளால சாய்வா வெட்டுவேன். இது வெண்ணெய் அறுத்த மாதிரி தட்டையா இருக்கு."

தொபெகிலேவுக்கு மலைமேல் பார்த்த வெட்டு சட்டென்று ஞாபகம் வந்தது. அதோடு, போன குளிர்காலத்தில் போத்து திடீரென்று பருத்ததும்.

"மர மில்லு ரம்பம்," என்றாள்.

"வுசுமுசியா?"

"வேற யாரு?"

அத்தையின் வாய் கோணியது. முதலில் இருமல் மாதிரி கிளம்பி, பிறகு சிரிப்பாகி, அவள் தடியை விட்டுவிட்டுச் சாணத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தொபெகிலேவும் உட்கார்ந்தாள். ஜோசயா மியேனியின் தலைமாட்டில் இரண்டு பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒரு கட்டைகூடப் பட்டினியால் சாகவில்லை, எல்லாம் குடித்தே செத்தன என்பது அந்த வாடையிலேயே தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் தொபெகிலே கேட்டாள். "எனக்குப் புரியல அத்தை. அவருக்கு என் மேலதான் கோவம்னீங்க. அப்ப நீங்க எதுக்கு ஒளிஞ்சு வந்து கட்டைய மாத்தினீங்க?"

அத்தை பச்சைக் கயிற்றை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டாம் நாள் நான் வந்தேன்ல. அன்னிக்கு அவன் நல்லாதான் பேசினான். கட்டில் கதகதன்னு இருக்குன்னான். மருமகதான் கொண்டுவந்து சேத்தா, மூச்சு கொஞ்சம் லேசா இருக்குன்னான். அப்புறம், அவளை வரச்சொல்லு, பொடி டப்பாவ எடுத்துட்டு வரச்சொல்லு, அது இருக்கற இடம் அவளுக்குத்தான் தெரியும்னான்."

தொபெகிலேவுக்குத்தான் தெரியும். டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்ன பிறகு அந்த டப்பா கோழிக்கூண்டின் கூரைக்குள் இருந்தது. வைத்ததும் அவள்தான், பொடி வாங்கி நிரப்பியதும் அவள்தான்.

"நான் என் பொடிய நீட்டினேன். வேண்டாம்னுட்டான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சுடி. கூடப் பொறந்தவ பக்கத்துல உக்காந்திருக்கேன், அவன் உன்னைக் கேக்கறான். வெளிய வந்தா நீ கஞ்சிப் பாத்திரத்தோட நிக்கறே. அவரு தூங்கறாரு, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். விடிஞ்சா அவன் இல்ல." அத்தை மூக்கை உறிஞ்சினாள். "உம்மேல கோவம்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. கோவம்னு ஒண்ணு இருந்தா எம்மேலதான் இருக்கணும். கட்டை சாகச் சாக எனக்குத் தூக்கமே போச்சு."

தொபெகிலேவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "ரெண்டு வருஷம் அத்தை," என்றாள்.

"தெரியும்."

"தினம் தினம் செத்தேன்."

"தெரியும். நல்லா ஏசு. நான் கேட்டுக்கறேன்."

ஏசத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "வண்டியில பாபா என்கிட்டேர்ந்து முகத்தைத் திருப்பிக்கிட்டாரே அத்தை. அது எதுக்கு?"

"அடி பைத்தியமே, அழுதிருப்பான். மருமக முன்னாடி மாமனார் அழலாமா? என்கிட்டகூட, வழியில கண்ணுல புழுதி விழுந்துடுச்சுன்னுதான் சொன்னான். ஜன்னல் மூடின வண்டிக்குள்ள ஏது புழுதி?"

தொபெகிலே சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். துக்கம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நிம்மதி. கோபமில்லை, கோபமில்லை என்று அவளுக்குள் யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுது முடிக்கும்வரை அத்தை அவள் முதுகில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணனுடைய குணம் கொஞ்சம் தங்கைக்கும் இருந்தது.

கீழேயிருந்து சீழ்க்கை கேட்டது. மாடுகள் திரும்பத் தொடங்கிவிட்டன.

"எந்திரி. எதை நடறது, உன்னுதா என்னுதா?" அத்தை இரண்டு போத்துகளின் வெட்டுவாயையும் தொட்டுப் பார்த்தாள். "என்னுது முந்தாநாள் வெட்டினது, ஈரம் போகல. உன்னுது தோல் கட்டியிருக்கே. பத்து நாள் வச்சியா?"

"எங்க வீட்டுல அப்படித்தான்."

"இத்தனை நாள் எதுக்கு வாய மூடிட்டிருந்தே?"

"யாரு கேட்டீங்க?"

அத்தை மண்ணைத் தள்ளினாள். தொபெகிலேவின் போத்தைக் குழியில் இறக்கி, உலர்ந்த மண்ணைப் போட்டு, இருவருமாக மிதித்து இறுக்கினார்கள். அழுகிய கட்டைகளைக் கம்பளியில் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். அத்தை கொண்டுவந்த போத்து சமையலறைக்குப் பின்னால் சுவரோரம் காயப்போனது.

"நாம பண்றது ஏமாத்தா அத்தை?"

"யாரை ஏமாத்தறோம்? தலைமாட்டுல உம்சின்சி வைங்கன்னு சொல்லிட்டுப் போனான். எந்தக் கட்டைன்னு சொன்னானா?"

அன்று சாயங்காலமே அத்தை வுசுமுசிக்கும் லுங்காவுக்கும் போன் போட்டாள். அப்பா கனவில் வந்தாராம். என்னை எதுக்குத் தினமும் குளிப்பாட்டறீங்க, எனக்கு ஜலதோஷம் பிடிக்கிறது என்றாராம். மழை வரும்வரை ஒரு சொட்டு யாரும் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாராம். கனவில் வந்தவர் வழக்கத்துக்கு மாறாக நிறையவே பேசியிருந்தார். ஆனாலும் பிள்ளைகள் நம்பினார்கள்.

தொபெகிலேவுக்குப் பாத்திரத் தண்ணீரை வேலிக்கு மேலால் வீசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கை பழகிப்போயிருந்தது. இரண்டு தடவை வேலிவரை போய்த் திரும்பி வந்து, கீரைப்பாத்தியில் கொட்டினாள்.

செப்டம்பர் கடைசியில், சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம் வந்த வுசுமுசி, அந்தப் போனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பட்டிக்குள் போனவன், கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"கட்டை தழைச்சிருக்கு," என்றான். "நாலு இடத்துல துளிர். கட்டைவிரல் பருமன்."

"அப்படியா," என்றாள் தொபெகிலே மாவைக் கிளறியபடி. வேலி இடுக்கு வழியாக அவள் அந்த நாலு துளிரையும் எட்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நுனி சாய்வா வெட்டியிருக்கு."

"அப்படியா."

"நான் நட்டது தட்டையால்ல..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க எப்ப நட்டீங்க?"

வுசுமுசி அவளைப் பார்த்தான். பிறகு, சமையலறைக்குப் பின்னால் புதிதாக நட்டு நின்ற இன்னொரு போத்தைப் பார்த்தான். "டீ இருக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். டீ குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

மறுநாள் காளையை அறுத்து, பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்து, பட்டி நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்த லுங்கா துளிரைப் பார்த்ததும் அத்தையின் கனவை அடியோடு மறந்துபோனான். ஒரு பானை பீரைத் தூக்கி, "குடிங்கப்பா," என்று போத்தின் அடியில் சாய்க்கப் போனான்.

மூன்று கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. அத்தையின் கை பானையைப் பிடித்தது. வுசுமுசியின் கை லுங்காவின் தோளைப் பிடித்தது. மூன்றாவது, வேலிக்கு மேலால் எட்டி வந்த தொபெகிலேவின் கை. ஊரே திரும்பிப் பார்த்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் இரண்டு வருஷத்துக் கணக்கெல்லாம் தீர்ந்துபோனது.

"பீர் வேண்டாம். அவன் கடைசியா கேட்டது பீர் இல்ல," என்றாள் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி. "பொடி கேட்டான். மருமகதான் கொண்டுவரணும்னான். நான்தான் அவகிட்ட சொல்லாம விட்டேன். தப்பு என்னுது. மாகுமேதே, உள்ள வா."

ஆண்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூத்தவர் ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார். "என் பொறந்த வீட்டுப் பட்டி இது. என் அண்ணன் கூப்பிட்டிருக்கான். யாருக்காவது சந்தேகம்னா அவனையே கேட்டுக்குங்க," என்றாள் அத்தை. பெரியவரையே கேட்கலாம் என்றதும் எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

தொபெகிலே கோழிக்கூண்டிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்தாள். பட்டி வாசலில் செருப்பைக் கழற்றியபோது அத்தை அவள் காதருகே குனிந்து, "முதல் தடவை வர்ற மாதிரி நட," என்றாள். தொபெகிலே சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாணம் மெத்தென்று அழுந்த நடந்து போனாள். போத்தின் அடியில் மண்டியிட்டு, டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து உலர்ந்த மண்ணில் வைத்தாள்.

"பாபா, பொடி கொண்டுவந்திருக்கேன்," என்றாள். "நீங்க கேட்டது இப்பத்தான் என்கிட்ட வந்து சேந்துச்சு."

பின்னால் லுங்கா அத்தையிடம், பீரை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தான். நீயே குடி, உனக்கு வேர் அழுகாது என்றாள் அத்தை.